பாகம் பிரித்த காடு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் போனால், ஆழியாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டியைக் கடந்து இன்னும் கொஞ்சம் போனதும் இரண்டு பக்கமும் தேயிலை விரிந்துவிடும். ஜன்னலோரம் இருப்பவர்கள் எல்லோரும் செல்போனைக் கையில் எடுப்பார்கள். "எவ்வளவு பச்சை பாரு!" முதல் முறை போனபோது நானும் அப்படித்தான் படம் எடுத்தேன்.

இப்போது அதே படங்களைப் பார்த்தால் கண் வேறு இடத்துக்குப் போகிறது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, ஓடையோரத்தில், குன்றின் முதுகில், திட்டுத் திட்டாகச் சில மரக்கூட்டங்கள் கரும்பச்சையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் இந்த மலை முழுக்க மூடியிருந்த மழைக்காட்டில் மிஞ்சியவை அவை. 1890-களில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இங்கே காடு திருத்தத் தொடங்கினார்கள். முதலில் காபி, பிறகு தேயிலை. சில பத்தாண்டுகளுக்குள், சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வால்பாறை மேட்டுநிலத்தின் பெரும்பகுதி எஸ்டேட்டாகிவிட்டது. மிஞ்சியவை நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகள். சில துண்டுகள் ஒரு ஹெக்டேர்கூட இல்லை. பெரியவை 300 ஹெக்டேர் வரை வரும். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், பறம்பிக்குளம், வாழச்சால் என்று பெரிய காடுகள் இருக்கின்றன. நடுவில் இந்தத் துண்டுகள்.

'காடு திருத்துவது' என்று நம் மொழியில் ஒரு வழக்கு இருக்கிறது. திருத்துவதற்கு அது ஒரு பிழையா என்று இந்தத் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

காடு அழிந்தது என்றால் நாம் உடனே பரப்பளவைத்தான் கேட்கிறோம். எத்தனை ஏக்கர் போனது, எத்தனை ஏக்கர் மிச்சம்? மிச்சமிருப்பது எந்த வடிவத்தில், எத்தனை துண்டாக, எதற்கு நடுவில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. காட்டுயிர்களுக்கு அந்தக் கேள்வியும் உயிர்ப் பிரச்சினைதான். சூழலியலில் இதை வாழிடத் துண்டாக்கம் என்கிறார்கள்.

பாகப்பிரிவினையை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும். பத்து அறை கொண்ட பெரிய வீடு. ஐந்து பேருக்குப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியாகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் அதே பத்து அறைதான், ஒரு செங்கல்லும் குறையவில்லை. ஆனால் கிணறு ஒருவர் பக்கம், அடுப்படி இன்னொருவர் பக்கம், கழிப்பறை வேறொருவர் பக்கம். யாருக்குமே முழு வீடு இல்லை. இனி அந்தச் சுவரைத் தாண்ட ஒவ்வொரு முறையும் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டான காட்டில் ஒரு விலங்கின் நிலை ஏறக்குறைய அதுதான்.

சரி, வீட்டில் இல்லாத ஒரு சிக்கல் காட்டில் கூடுதலாக உண்டு. அது விளிம்பு.

மழைக்காட்டுக்குள் பட்டப்பகலில் நுழைந்தாலும் வெளிச்சம் குறைவாக இருக்கும். காற்று அசையாது, மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அட்டை காலில் ஏறும். உள்ளே இருக்கும் செடி, தவளை, பூஞ்சை எல்லாம் அந்த இருட்டுக்கும் ஈரத்துக்கும் பழகியவை. காட்டை வெட்டி நிறுத்தும்போது, அதுவரை உள்ளே இருந்த மரங்கள் திடீரென்று வேலியோரத்துக்கு வந்துவிடுகின்றன. பக்கவாட்டில் வெயில் விழுகிறது, மண் காய்கிறது. காற்றைத் தாங்கிப் பழக்கமில்லாத உயரமான மரங்கள் முறிந்து விழுகின்றன. விழுந்த இடத்தில் வெளிச்சம் இறங்க, கொடிகளும் வெளிநாட்டுக் களையான உண்ணிச்செடியும் புகுந்துகொள்கின்றன. இந்த மாற்றம் வெட்டிய கோட்டோடு நிற்பதில்லை, காட்டுக்குள் பல மீட்டர் தூரம் ஊடுருவுகிறது. இதுதான் விளிம்பு விளைவு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். விளிம்பின் பாதிப்பு 100 மீட்டர் உள்ளே வரை போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம் கொண்ட சதுரக் காடு 100 ஹெக்டேர். நான்கு பக்கமும் 100 மீட்டரைக் கழித்தால், உள்ளே 800-க்கு 800 மீட்டர், அதாவது 64 ஹெக்டேர் உண்மையான உட்காடு. அதே 100 ஹெக்டேர் நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றிலும் 9 ஹெக்டேர்தான் உட்காடு, மொத்தம் 36. நூறு துண்டுகளாகச் சிதறினால்? ஒவ்வொன்றும் 100 மீட்டர் சதுரம். ஒரு துண்டில்கூட உட்காடு இல்லை. கணக்குப் புத்தகத்தில் இன்னும் 100 ஹெக்டேர் காடு இருக்கும். உட்காட்டை நம்பி வாழும் ஓர் உயிருக்கு அங்கே இடமே இருக்காது.

இதைத் தாளில் மட்டும் போட்டுப் பார்க்காமல், காட்டிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1979-ல் பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே அமேசான் காட்டை வெட்டி மாட்டுப் பண்ணைகள் உருவாகிக்கொண்டிருந்தன. தாமஸ் லவ்ஜாய் என்ற அமெரிக்க உயிரியலாளர் அந்தப் பண்ணைகளுக்கு நடுவே 1, 10, 100 ஹெக்டேர் என்று அளந்து துண்டுகளை விட்டுவைக்க ஏற்பாடு செய்தார். வெட்டுவதற்கு முன்பே அங்கிருந்த உயிர்களைக் கணக்கெடுத்து, வெட்டிய பிறகு என்ன ஆகிறது என்று தொடர்ந்து கவனித்தார்கள். அந்த ஆய்வு நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் நடந்தது. விளிம்பிலிருந்த பெரிய மரங்கள் மளமளவென்று செத்தன. படையெடுத்துப் போகும் எறும்புக் கூட்டத்தின் பின்னாலேயே போய், அவை கிளப்பிவிடும் பூச்சிகளைத் தின்னும் பறவைகள் சிறு துண்டுகளிலிருந்து சீக்கிரமே காணாமல் போயின. ஓர் எறும்புக் கூட்டத்துக்கே அந்தத் துண்டு போதவில்லை என்றால், அதை நம்பிய பறவை எப்படி இருக்கும்? இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வெறும் 80 மீட்டர் அகலமுள்ள வெட்டவெளியைக்கூடச் சில காட்டுப் பறவைகள் தாண்ட மறுத்தன. இறக்கை இருக்கிறது, எதிரே காடும் தெரிகிறது. ஆனால் நிழலிலேயே பிறந்து வளர்ந்த பறவைக்கு வெயில் வெளி கடல் மாதிரி.

மறுபடியும் வால்பாறைக்கு வருவோம்.

நகரத்துக்குப் பக்கத்திலேயே புதுத்தோட்டம் என்று ஒரு காட்டுத்துண்டு, சுமார் 90 ஹெக்டேர். சிங்கவால் குரங்கு வாழும் இடம். சோலைமந்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். பெரிய காட்டில் இது தரையில் கால் வைப்பதே அபூர்வம். வெடிப்பலாவின் பூவையும் காயையும் தின்று, கிளைக்குக் கிளை தாவி, மேலேயே வாழ்ந்து முடித்துவிடும்.

புதுத்தோட்டத்தில் கதை வேறு. மரங்கள் வெட்டப்பட்டு, கிளைகள் கோத்த மேற்கூரை பல இடங்களில் விட்டுப்போயிருக்கிறது. தாவ அடுத்த கிளை இல்லை, இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் தார்ச்சாலை, அதில் பேருந்தும் காரும். அதையும் தாண்டினால் வீடுகள், கொய்யா மரங்கள், குப்பைத்தொட்டி, திறந்திருக்கும் அடுப்படி. வண்டியில் அடிபட்டு எத்தனையோ குரங்குகள் செத்திருக்கின்றன. இதைத் தடுக்கச் சாலையின் இரு பக்க மரங்களையும் இணைத்துத் தொங்குபாலங்கள் கட்டினார்கள். சாலையில் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் காவலாட்களையும் வைத்தார்கள். குரங்குகள் அந்தப் பாலங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். புதுத்தோட்டத்தில் குரங்குகளின் எண்ணிக்கை குறையவில்லையே, சில பத்தாண்டுகளில் கூடித்தானே இருக்கிறது, நூற்றுக்கு மேல் இருக்கின்றனவே, பிறகு என்ன கவலை? கூடியிருப்பது உண்மைதான். ஆனால் சிங்கவால் குரங்கில், பருவம் வந்த ஆண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும். புது ரத்தம் கலப்பது அப்படித்தான். சுற்றிலும் தேயிலையும் ஊருமாக இருக்கும்போது எங்கே போவது? கூட்டம் பெருக்கிறது, வெளியே போக வழியில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் இனப்பெருக்கம் நடந்தால் அந்தக் கூட்டம் நோய்க்கும் குறைபாட்டுக்கும் எளிதில் ஆளாகும். தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடையக்கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

மரங்கள் விஷயம் இன்னும் மெதுவாக நடப்பதால் கண்ணுக்கே தெரியாது. ஒரு துண்டில் பெரிய மரம் கம்பீரமாக நிற்கும். கீழே குனிந்து பாருங்கள், அதன் கன்று ஒன்றாவது இருக்கிறதா? மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் பெரியவை, காற்று அவற்றைத் தூக்கிப் போகாது. பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை, மரநாய், குரங்கு போன்றவை பழத்தைத் தின்று தூரத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். பெரிய விதையை விழுங்கும் அளவுக்கு வாய் அகன்ற பறவைகள் கொஞ்சமே. துண்டுக்கு இருவாச்சி வருவது நின்றுவிட்டால் பழம் தாய்மரத்தடியிலேயே விழுந்து அழுகும். சின்னான் மாதிரிச் சிறு பறவைகள் வரும், ஆனால் அவற்றால் சின்னப் பழங்களைத்தான் விழுங்க முடியும். அப்படியே அவை உண்ணிச்செடி விதையையும் கொண்டுவந்து சேர்க்கும். பெரிய மரம் இன்னும் நூறு, இருநூறு வருஷம்கூட உயிரோடு நிற்கலாம். அதன் வம்சம் என்றைக்கோ முடிந்துபோயிருக்கும்.

சூழலியலாளர்கள் இதற்கு அழிவுக் கடன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். தாத்தா வாங்கிய கடன் பேரன் தலையில் விடிகிற மாதிரி, 1900 வாக்கில் வெட்டியதற்கான இழப்பு இன்னும் முழுசாக வசூலாகவில்லை. பாக்கி இருக்கிறது என்பதில் ஓர் ஆறுதலும் உண்டு. முழுசாக வசூலாவதற்குள் நாம் ஏதாவது செய்ய முடியும்.

துண்டான இடத்தில் எல்லா உயிரும் தோற்பதும் இல்லை. எதையும் தின்னும், எங்கும் தங்கும் உயிர்களுக்கு இது வசதி. செடிகளிலும் அப்படித்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காபிச் செடியே வால்பாறையின் காட்டுத்துண்டுகளுக்குள் புகுந்து, யாரும் நடாமல் தானாக முளைத்து, காட்டுக் கன்றுகளின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பழத்தைத் தின்னும் விலங்குகளே அதன் விதையையும் உள்ளே கொண்டுபோகின்றன. காட்டைப் பரப்ப வேண்டிய அதே உழைப்பு காபியைப் பரப்புகிறது.

இப்போது யானை. ஓராண்டில் சுமார் நூறு யானைகள் வால்பாறை மேட்டுநிலத்தைக் கடந்துபோகின்றன. யானை தேயிலை தின்பதில்லை. அதற்கு வால்பாறை ஒரு வழி, சுற்றியுள்ள பெரிய காடுகளுக்கு இடையே போய்வரும் பாதை. பகலில் காட்டுத்துண்டுகளிலும், நடுஆறு, சோலையாறு கரையோர மரங்களின் நிழலிலும் தங்கும். இருட்டியதும் தேயிலை வழியாக நடக்கும். போகிற வழியில் ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் அரிசி வாசம் அடித்தால் சுவரை இடித்துவிடும்.

"யானை வழியில் வீடு கட்டினால் இப்படித்தான்" என்று சமவெளியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு மனசு கொதிக்கும். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள் எங்கே இருக்க வேண்டும் என்று கொழுந்து பறிக்கும் தொழிலாளியா முடிவு செய்தார்? பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து மலையேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இன்று ஜார்கண்ட், அசாம் பக்கமிருந்து வந்தவர்களும் அவர்களோடு இருக்கிறார்கள். கம்பெனி காட்டிய இடத்தில் குடியிருந்தார்கள். நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தவர்கள் வேறு, அதன் விளைவோடு ராத்திரி வாசலில் நிற்பவர்கள் வேறு.

யானையால் இறந்தவர்களின் சம்பவங்களை நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அலசினார்கள். பெரும்பாலானவர்கள் யானை அங்கே நிற்பது தெரியாமலேயே அதன் முன்னால் போய் நின்றிருக்கிறார்கள். பேருந்திலிருந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடந்தவர்கள், திருப்பத்தில் எதிர்பாராமல் பார்த்தவர்கள். அப்படியென்றால் தேவைப்படுவது தகவல். யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்பதை மாலையிலேயே உள்ளூர் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மேடான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை என்று அர்த்தம். அந்த விளக்கைச் செல்போன் மூலமாக எரியவைக்கும் பொறுப்பு ஊர்க்காரர்களிடமே இருந்தது. உயிரிழப்பு நன்றாகக் குறைந்தது. இதை முன்னின்று நடத்திய ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு, காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் தரப்படும் விட்லி விருது 2015-ல் கிடைத்தது.

இந்த யானைக் கதையில், தொடக்கத்தில் சொன்ன பாகப்பிரிவினை உவமை கொஞ்சம் போதாமல் போகிறது. வீட்டில் சுவர் சுவர்தான். நிலத்தில் சுவர் பல தரம். துண்டுகளுக்கு இடையில் இருப்பது ஆற்றோர மரங்களா, நிழல்மரக் காபியா, மொட்டைத் தேயிலையா, நான்குவழிச் சாலையா என்பதைப் பொறுத்து, யார் கடக்க முடியும், யார் முடியாது என்பது மாறும். துண்டின் அளவை நாம் உடனே மாற்ற முடியாது. இடையில் இருப்பதை மாற்ற முடியும்.

காலநிலை மாற்றத்தை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெப்பம் கூடக் கூட, குளிர்ச்சி தேடும் உயிர்கள் மலையில் இன்னும் மேலே நகர வேண்டியிருக்கும். மரமும் நகரும், விதையாக, தலைமுறைக்குக் கொஞ்சம் தூரம். தொடர்ந்த காடு இருந்தால் அதற்கு வழி உண்டு. நாலு பக்கமும் தேயிலை சூழ்ந்த துண்டில் இருக்கும் மரத்தின் விதை எங்கே விழுந்தாலும் கொழுந்து பறிக்கும் பாத்திதான்.

அப்புறம், மீட்கும் வேலை. இரண்டாயிரத்தின் தொடக்கத்திலிருந்து திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் என்ற இரண்டு சூழலியலாளர்கள் வால்பாறையிலேயே தங்கி, எஸ்டேட் நிர்வாகங்களோடு பேசி, சிதைந்த துண்டுகளில் மழைக்காட்டை மறுபடி வளர்த்துவருகிறார்கள். குழி தோண்டிக் கைக்குக் கிடைத்த கன்றை வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் மரம் நடுவிழா மாதிரி இல்லை இது. முதலில் உண்ணிச்செடியை வேரோடு எடுக்க வேண்டும். தானாக முளைத்திருக்கும் காட்டுக்கன்று எது என்று பார்த்து, அதை வெட்டாமல் விட வேண்டும். விதைகளைப் பெரும்பாலும் சாலையோரத்தில் பொறுக்குகிறார்கள். மலைச்சாலையில் கிளை நீட்டிய மரங்களின் விதைகள் தார் மேல் விழுந்து எப்படியும் நசுங்கத்தான் போகின்றன, காட்டுக்கு அதனால் நஷ்டமில்லை. நாற்றங்காலில் வளர்த்து, அந்த மலைக்கே உரிய நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைக் கலந்து நடுகிறார்கள். நட்ட பிறகும் இரண்டு மூன்று வருஷம் களை எடுத்தே ஆக வேண்டும். ஏழு முதல் பதினைந்து ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தபோது, சும்மா விட்ட துண்டுகளைவிட நட்டு வளர்த்த துண்டுகள் நல்ல காட்டை அதிகம் நெருங்கியிருந்தன. ஆனாலும் முழுமையான காட்டுக்கு ஈடாகவில்லை. வெட்ட ஒரு நாள் போதும், திரும்பக் கொண்டுவர ஓர் ஆயுள் போதாது.

எல்லாத் தோட்டத்தையும் காடாக்கிவிட முடியாது, அங்கே உழைப்பவர்களின் சோறு அதில் இருக்கிறது. இடைப்பட்ட நிலத்தில் எவ்வளவு இடம் விட முடியும் என்பதுதான் கேள்வி. தேயிலையில் நிழலுக்குப் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நிற்கிறது, அதில் ஒரு பழம் கிடையாது. சில காபித் தோட்டங்களில் மட்டும், காட்டைத் திருத்தியபோது வெட்டாமல் விட்ட பழைய காட்டு மரங்களும் ஆலும் அத்தியும் நிழலுக்கு நிற்கின்றன.

இருவாச்சி கூடு கட்டுவதில்லை, பெரிய மரத்தில் ஏற்கெனவே இருக்கும் பொந்தைத் தேடும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு சின்னக் கீறல் மட்டும் விடும். மூன்று மாதத்துக்கு மேல் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். பொந்து விழும் அளவுக்கு வயதான மரமும், ஆண் பறவை பறந்துபோய் வரும் தூரத்தில் பழமும் இல்லையென்றால் இனப்பெருக்கம் இல்லை. இப்படிப்பட்ட பறவை, வால்பாறைப் பக்கம் காபித் தோட்டத்தின் பழைய நிழல்மரங்களிலும் கூடு வைத்திருக்கிறது. கீழே ஆட்கள் காபிப்பழம் பறிக்க வந்துபோகும் தோட்டத்தில், மேலே பொந்துக்குள் ஒரு பெண் இருவாச்சி அடைகாக்கிறது. ஆண் பறவை பக்கத்துத் துண்டிலிருந்து அத்திப்பழத்தோடு வருகிறது. வரும் வழியில் எங்கோ சில விதைகளைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கும்.